காலைத் தொங்கவிட்டு உறங்கியவர்

என் தந்தைக்கு வயது 63. நாற்பது ஆண்டுகள் பீடி பிடித்தவர். தெருமுனைக் கடை வரை நடந்தாலே கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது என்று முதலில் சொன்னார். சற்று நின்றால் வலி விட்டுவிடும் என்பதால், வயதின் தளர்ச்சி என்றே நாங்கள் எண்ணிக்கொண்டோம். பிறகு கட்டிலில் படுப்பதையே விட்டுவிட்டு, நாற்காலியில் கால்களைத் தொங்கவிட்டபடி கண்ணயரத் தொடங்கினார். ஐந்து மாதங்கள் அப்படியே கழிந்தன. முதலில் காட்டிய இடத்தில் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். உறக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இரத்தநாள அறுவை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "ராத்திரி காலைத் தொங்கப்போட்டா வலி குறையுதுங்களா ஐயா?" என்பதுதான். அப்பா அழுதுவிட்டார். படுத்திருக்கும்போது இதயமும் காலும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதால், அடைபட்ட தமனி வழியே இரத்தம் இறங்குவதற்குப் புவியீர்ப்பு தரும் சிறு துணையும் இல்லாமல் போய், விரல்கள் எரியத் தொடங்குகின்றன என்று மருத்துவர் விளக்கினார். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தபோது 0.35 வந்தது, 0.9-க்குக் கீழே இருந்தாலே அடைப்பு என்று பொருள். தொடைத் தமனியைப் பலூனால் விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்பிய இரவு, அப்பா காலை நீட்டிப் படுத்து விடியும்வரை உறங்கினார். நானும் அம்மாவும் மாறி மாறி எழுந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பீடியை அன்றோடு விட்டார்.

*

மேலே எழுதிய அன்பருக்கு: என் தாயார் இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. அவருக்குக் கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்கும் அந்த அளவு 1.4 என்று வந்ததால், நன்றாக இருப்பதாக நம்பி ஏமாந்தோம். சர்க்கரை நோயில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிட்டால் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையால் அழுத்தினாலும் அது நசுங்காது, எனவே அளவு பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதும், அத்தகையோருக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும் என்பதும் இரண்டு விரல்களை இழந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சர்க்கரை உள்ளவர்கள் இதைத் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள்.

எம்.சி.ஆர். செருப்பு (பாதத்தில் அழுத்தம் குறைக்கும் மென்மையான ரப்பர் செருப்பு), கால் கழுவ வெந்நீர் கூடாது என்பவற்றையெல்லாம் அம்மா ஏற்றுக்கொண்டார். கோயிலில் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது என்பதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. பல வாரங்கள் யாரிடமும் பேசவில்லை. இப்போது மருத்துவரின் ஒப்புதலோடு, கல்தரை சுடுவதற்கு முன்பே, தடித்த காலுறை அணிந்து பிராகாரத்தை ஒரே ஒரு முறை சுற்றி வருகிறார். வீடு வந்ததும் கண்ணாடியைத் தரையில் வைத்து அவருடைய உள்ளங்கால்களைப் பார்ப்பது என் வேலை.