மறு: நிக்கல் வினையூக்கிக் கட்டுரை – "சார்" என்பதற்குத் தமிழில் என்ன?

வணக்கம். நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கினால் மிஞ்சும் கார்பனை ஆங்கிலத்தில் "சார்" (char) என்கிறார்கள். அதன் மேல் நிக்கல் ஏறியிருப்பதுதான் நம் கட்டுரையின் வினையூக்கி. அந்தச் "சார்" என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> கரி என்றே விட்டுவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, நானும் முதலில் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன், மூன்றாவது பத்தியிலேயே முட்டிக்கொண்டது. மரம், வைக்கோல் போன்ற உயிரிப்பொருளை வாயுவாக்கும்போது தார் என்ற பிசுபிசுப்பான பொருள் வரும், அதை இந்த வினையூக்கி சிதைக்கிறது. அப்போது அதன் மேலேயே கார்பன் படிந்து போகப்போகச் செயல் குறைகிறது. அந்தப் படிவையும் நாம் கரி என்றுதான் சொல்கிறோம். "கரியில் உள்ள நிக்கல் மேல் கரி படிகிறது" என்று எழுதினால் படிக்கிற மாணவருக்கு எந்தக் கரி எது என்று எப்படித் தெரியும்? மூலப்பொருளோ பழுப்பு நிலக்கரி, அது மூன்றாவது கரி. "சார்" என்று ஒலிபெயர்த்தாலும் சரிவரவில்லை. "பழுப்பு நிலக்கரி சார் வினையூக்கி" என்றால் நிலக்கரி தொடர்பான ஏதோ ஒன்று என்றே எல்லாரும் படிப்பார்கள்.

என் முன்மொழிவு: கருகல்.

செய்முறையைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் லாய் யாங் சுரங்கத்து நிலக்கரியை எடுத்துக்கொள்வோம். தோண்டியெடுக்கும்போது அதில் பாதிக்கு மேல் தண்ணீர், சாம்பல் மிகக் குறைவு, கார்பாக்சில் (COOH) என்ற அமிலத் தொகுதிகள் நிறைய. அம்மோனியா கலந்த நிக்கல் கரைசலில் அதைப் போட்டுக் கலக்கினால் அந்தத் தொகுதிகளின் ஹைட்ரஜன் அயனி விலகி அங்கே நிக்கல் அயனி உட்காருகிறது. கழுவி உலர்த்தி, நைட்ரஜன் ஓட்டத்தில் 600 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் ஆவியாகக் கூடியதெல்லாம் வெளியேறிவிடும். மிஞ்சும் கார்பனே நிக்கலை உலோகமாக ஒடுக்கிவிடுகிறது, தனியாக ஹைட்ரஜன் கொடுத்து ஒடுக்க வேண்டியதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) போல ஆயத்தமாக இருக்கும் ஒன்றின் மேல் நிக்கலைப் பூசவில்லை, இரண்டும் ஒரே சூட்டில் சேர்ந்து உருவாகின்றன. ஆகவே பொருளின் பெயரில் கருகும் வினை தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

> கருகல் என்றால் அடிப்பிடித்த சோறுதான் நினைவுக்கு வருகிறது.

வரட்டுமே. காற்றுப் படாத அடியில் சூடேறி, ஆவி போய், கறுத்து மிஞ்சுவது பானையிலும் நடக்கிறது, உலையிலும் நடக்கிறது. துரு, நுரை, கசடு எல்லாம் வீட்டுச் சொற்களாக இருந்துதான் பாடப்புத்தகத்துக்குள் வந்தன. அதோடு இது நன்றாகக் கிளைக்கிறது: கருகலாக்கம், கருகல் ஈவு, நிக்கலேற்றிய கருகல். மரக்கரி, உயிர்க்கரி இரண்டையும் தொட வேண்டாம், அவை மக்களிடம் ஊன்றிவிட்டன.

வினையூக்கியின் பண்புகளை அளந்து சொல்லும் பகுதியிலும் இந்தச் சொல் உதவுகிறது. எக்ஸ் கதிர் படிகத்தில் பட்டு எந்தக் கோணங்களில் சிதறுகிறது என்று அளக்கும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில், தாமிரக் கதிர் என்றால், 44.5 பாகை அருகே உலோக நிக்கலின் முகடு வரும். அதன் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டால் படிக அளவைக் கணக்கிடலாம். சூடு கூடக்கூட நிக்கல் துகள்கள் ஒன்றுகூடிப் பெரிதாகின்றன, முகட்டின் அகலம் குறைகிறது. பரப்பில் நைட்ரஜன் எவ்வளவு ஒட்டுகிறது என்று அளக்கும் பரப்புக்கவர்ச்சியில் கிடைப்பது கருகலின் பரப்பு. "கருகலின் பரப்பு", "படிந்த கரியின் அளவு" என்று இப்போது குழப்பமில்லாமல் எழுத முடிகிறது.

அப்புறம், நிக்கல் போன்ற உலோகத்தைத் தன் மேல் வைத்திருக்கும் பொருளுக்கு (support) எழுதும் "தாங்கி" பற்றி. தமிழ்நாட்டில் அது சக்கரத்தின் பேரிங்கையும் குறிக்கும், இலங்கையில் தண்ணீர்த் தொட்டியே தண்ணீர்த் தாங்கிதான். "ஏந்தி" என்றால் இரண்டு பக்கமும் பொருந்துமா? இலங்கைப் பாடநூல்களில் வினையூக்கியை "ஊக்கி" என்றே சொல்கிறார்கள், "ஏந்தி, ஊக்கி" என்று அருகருகே வருவது காதுக்கும் நன்றாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வேதியியல் படித்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள், உங்கள் வகுப்பில் இதற்கு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகே கட்டுரையில் மாற்றுகிறேன்.