ஓவர்கிளாக் செய்ய மதர்போர்டு, கூலர் எடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஓவர்கிளாக், அதாவது ப்ராசசரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது என்றாலே, பேச்சு கூலரில்தான் தொடங்குகிறது. முதலில் மதர்போர்டைப் பாருங்கள் என்று நான் சொல்வேன். மச்சான் ஸ்டுடியோவில் பார்த்ததுதான் காரணம்.

கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை. ப்ராசசர் ஏஎம்டியின் ரைசன் 7 2700, எட்டு கோர். பெட்டியில் 65 வாட் என்று இருக்கும், அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ். ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை, சீக்கிரம் முடிய வேண்டும் என்று எல்லாக் கோர்களையும் 4.0-இல் ஓட்டினார். கூடவே வந்த கூலரில் வெப்பம் 90 டிகிரியை நெருங்கியது. 240 மி.மீ. லிக்விட் கூலர் வாங்கி மாட்டியதும் 70-க்கு இறங்கிவிட்டது. ஆனால் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம் சடாரென்று 1 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே விழும். சில நொடியில் ஏறும், மறுபடி விழும். பழைய கூலரில் இந்தத் தொல்லையே இருந்ததில்லை.

சூடானது மதர்போர்டில் இருக்கும் விஆர்எம். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை 1.3 வோல்ட் அளவுக்கு இறக்கி ப்ராசசருக்குக் கொடுப்பது அதுதான். ப்ராசசர் 130 வாட் இழுத்தால், 1.3 வோல்ட்டில் அது 100 ஆம்பியர். அவ்வளவும் சாக்கெட்டை ஒட்டி இருக்கும் சின்னச் சின்ன மாஸ்ஃபெட் (மின்சார சுவிட்ச் போன்ற சில்லுகள்) வழியாகப் போகிறது. அந்த போர்டில் அவற்றின் மேல் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க்கே கிடையாது. பழைய கூலரின் விசிறி கீழ்நோக்கி ஊதும், அந்தக் காற்று பரவி மாஸ்ஃபெட்டையும் ஆற்றிக்கொண்டிருந்தது. லிக்விட் கூலரில் ப்ராசசர் மேல் பம்ப் மட்டும்தான், விசிறிகள் கேபினட்டின் முன்பக்கம் போய்விட்டன. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஒரு மேசை விசிறியை அந்த இடத்துக்கு நேராகத் திருப்பி வைத்தேன். ரெண்டர் முடியும்வரை வேகம் விழவில்லை.

அப்புறம் எம்எஸ்ஐ பி450 டோமஹாக் போர்டுக்கு மாறினோம். விஆர்எம் மேல் கனமான ஹீட்சிங்க் இருப்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. கடையில் விளக்கு எரிகிற போர்டுகளாகக் காட்டுவார்கள், நீங்கள் அந்த உலோகத்தைப் பாருங்கள். இந்தத் தலைமுறை ரைசனுக்கு பி350, பி450, எக்ஸ்370, எக்ஸ்470 சிப்செட் உள்ள போர்டுகள் எல்லாவற்றிலும் ஓவர்கிளாக் செய்யலாம். ஏ320-இல் முடியாது.

4.1 போகலாமா என்று மச்சான் கேட்டார். 4.0-க்கு 1.3 வோல்ட் போதுமாக இருந்தது, 4.1 நிலையாக நிற்க 1.4 கேட்டது. வெப்பம் வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறும். இரண்டரை சதவீத வேகத்துக்காக ஏறக்குறைய 19 சதவீதம் கூடுதல் வெப்பம். வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம்.

மறுமொழி 1

அண்ணா, சர்வீஸ் வேலை பார்க்கிறேன், ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இந்த ரைசன் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் ப்ராசசரில் இருக்கும், லீவர் பூட்டியிருந்தாலும் இறுக்கம் போதாது. ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பழைய பேஸ்ட் காய்ந்திருக்கும்போது கூலரை நேராக இழுத்தால் ப்ராசசரும் சேர்ந்தே வெளியே வரும். அப்படிப் பின் வளைந்து வந்த ரைசன்கள் நிறையப் பார்த்துவிட்டேன். கழற்றுவதற்கு முன் ஒரு பத்து நிமிடம் கனமான வேலை ஏதாவது ஓடவிட்டுச் சூடாக்குங்கள். மெஷினை அணைத்து பிளக்கை எடுத்த பிறகு, கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகித் தளர்த்தி, அப்புறம் தூக்குங்கள். ஒன்றிரண்டு பின் வளைந்திருந்தால் 0.5 மெக்கானிக்கல் பென்சிலின் காலி முனையை அதில் நுழைத்து, மெதுவாக, மிக மெதுவாக நிமிர்த்தலாம்.

மறுமொழி 2

இன்டெல் பக்கம் இருப்பவர்களுக்கு: பெயரின் கடைசியில் கே இருக்கும் ப்ராசசரும் வேண்டும், இசட் சிப்செட் போர்டும் வேண்டும். எங்கள் அலுவலக நண்பர் ஒருவருக்கு 13600கே-யும் பி760 போர்டும் சேர்த்துத் தந்துவிட்டார்கள். ரேம் வேகத்தைக் கூட்ட முடிந்தது, ப்ராசசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிப்ளையரை ஏற்ற வழியில்லை. 13, 14-ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் எதையும் தொடுவதற்கு முன் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிடுங்கள். அளவுக்கு மீறிய வோல்டேஜால் நிலையின்மை வருவதை ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் இன்டெல் அதைச் சரிசெய்யும் மைக்ரோகோடு வெளியிட்டது, அது பயாஸ் வழியாகத்தான் வரும். இன்னொரு கேள்வி, டவர் கூலரா லிக்விடா?

பதிவிட்டவர்

அந்த 2700-க்கு இப்போது இருப்பது டவர் கூலர்தான். பம்ப் போய்விடுமோ என்ற பயம் இல்லை, பின்பக்கத்து விசிறி காற்றை விஆர்எம் வழியாகவே இழுக்கிறது. எதை வாங்கினாலும் அறையின் சூட்டுக்குக் கீழே அது இறக்காது. அறை பத்து டிகிரி ஏறினால் ப்ராசசரும் ஏறக்குறைய பத்து ஏறும். அதனால் சோதனையை ராத்திரி ஏசி அறையில் வைக்காதீர்கள். மே மாத மதியம், கேபினட்டை மூடி, உங்கள் நிஜ வேலையை ஒரு மணி நேரம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் விஆர்எம் வெப்பத்தையும் கோர் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். சில போர்டில் விஆர்எம் சென்சார் இருக்காது, அப்போது வேகம் விழுகிறதா என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.