கொல்லையில் திறந்தவெளி ஷவர்: டேங்க் உயரம் போதுமா, கழிவுநீரை எங்கே விடுவது?

கிழக்குக்கரை:
வணக்கம். மரக்காணம் பக்கம் தரைத்தள வீடு. கடல் அரை கிலோமீட்டர். கடலில் குளித்துவிட்டு வருகிறவர்கள் மணலோடு உள்ளே நுழையாமல் இருக்கக் கொல்லையில் ஒரு ஷவர் வைக்க வேண்டும். பச்சைத்தண்ணீர் மட்டும் போதும். மொட்டை மாடியில் 1000 லிட்டர் டேங்க், அதன் அடிப்பாகம் தரையிலிருந்து 12 அடி. போர் தண்ணீர், லேசான உப்பு. டேங்கிலிருந்து ஷவர் வரும் இடம் 50 அடி.

சமையலறைக்குப் போகும் முக்கால் இன்ச் லைனில் டீ போட்டு எடுத்து, காம்பவுண்டு சுவரில் காடி வெட்டிக் குழாயைப் புதைத்துவிடலாம் என்கிறார் பிளம்பர். 8 இன்ச் ரெயின் ஷவர் போட ஆசை. சரிவருமா? தெருவில் சாக்கடை கிடையாது, கழிவுநீருக்கு என்ன வழி?

குழாய்க்கணக்கு:
ரெயின் ஷவரை மறந்துவிடுங்கள் சார். ஷவர் 7 அடியில் வரும். டேங்கின் அடி 12 அடி. டேங்க் காலியாகும் நேரத்தில் மிஞ்சுவது 5 அடி உயரம்தான், அதாவது 0.15 பார் அழுத்தம். டேங்க் நிரம்பியிருந்தால் இன்னொரு 4 அடி சேர்ந்து 0.27 பார் வரும். 8 இன்ச் தட்டு ஒழுங்காகப் பொழிய இது போதாது. நடுவில் சொட்டும், ஓரத்துத் துளைகளில் தண்ணீரே வராது. 4 இன்ச் ஷவர் வாங்கி, உள்ளே தண்ணீரைக் குறைக்கும் பிளாஸ்டிக் வளையம் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

சமையலறை லைனில் டீ போடவே வேண்டாம். அங்கே குழாயைத் திறந்தால் இங்கே ஷவர் நின்றுவிடும். டேங்கில் தனியாகத் துளை போட்டு 1 இன்ச் சிபிவிசி (பிளாஸ்டிக் குழாய்) லைன் இறக்குங்கள். ஷவருக்குக் கீழே வந்த பிறகு முக்கால், கடைசி எல்போவில் மட்டும் அரை இன்ச். அதே அளவு தண்ணீர் போக வேண்டிய இடத்தில் குழாய் விட்டம் பாதியானால் உராய்வு இழப்பு ஏறக்குறைய 30 மடங்காகும். உங்களிடம் இருப்பதே 5 அடி, அதைக் குழாயிலேயே தின்னக் கொடுக்கக் கூடாது. வால்வும் முழுத்துளை (குழாயின் அளவுக்கே துளை உள்ள) பால் வால்வாக இருக்கட்டும்.

பலர் கோட்டைவிடுவது மாடியின் கைப்பிடிச் சுவரில். குழாயை அதன் மேலே ஏற்றி அந்தப் பக்கம் இறக்கிவிடுவார்கள். அந்த முதுகில் காற்று தங்கிவிடும். இவ்வளவு குறைந்த அழுத்தம் அதைத் தள்ளாது. டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தும் ஷவர் வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சுவரின் அடியில் துளை போட்டு, குழாயை டேங்கிலிருந்து தொடர்ந்து கீழ்நோக்கியே கொண்டுவாருங்கள். டேங்க் வால்வுக்கு அடுத்து ஒரு டீ போட்டு, டேங்க் மூடியைவிட உயரமாக ஏர் பைப் விட்டுவிடுங்கள்.

காம்பவுண்டு சுவர் நாலரை இன்ச் என்றால் காடி வெட்டக் கூடாது, சுவரின் பலம் போய்விடும். பக்கத்து வீட்டுப் பூச்சும் ஓதம் ஏறி உதிரும். கிளாம்ப் அடித்து வெளியிலேயே கொண்டுபோங்கள். வெயில் படும் சிபிவிசிக்குத் தண்ணீரில் கரையும் எமல்ஷன் இரண்டு கோட் அடிக்க வேண்டும். எனாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள், அதிலுள்ள கரைப்பான் குழாயையே கெடுக்கும். ஷவர் மாட்டும் இடத்தில் பித்தளை மரை பதித்த எல்போ போடுங்கள். வெறும் பிளாஸ்டிக் மரை, ஷவர் கம்பியை இறுக்கும்போதே வெடித்துவிடும்.

வாட்டம்:
தரை, கழிவுநீர் பற்றி.

5 அடிக்கு 5 அடி தளம். வாட்டம் 5 அடிக்கு 1 இன்ச். டைல் ஒட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் கான்கிரீட்டிலேயே வாட்டம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். சுற்றிலும் 3 இன்ச் திண்டு அவசியம், இல்லாவிட்டால் கொல்லை மழைநீர் முழுக்க உங்கள் குழிக்குள் போகும். மேலே மேட் பார்க்கிங் டைல் போதும். பாலீஷ் போட்ட கடப்பா சோப்புத் தண்ணீரில் வழுக்கும்.

நஹானி டிராப் (தரையில் பதிக்கும் சல்லடை மூடி வடிகால்) மட்டும் வைத்தால் கடல் மணல் ஒரே வாரத்தில் அடைத்துவிடும். தளத்துக்கு வெளியே 1 அடிக்கு 1 அடி சேம்பர் கட்டுங்கள். வெளியேறும் குழாய் சேம்பரின் அடியிலிருந்து 6 இன்ச் மேலே இருக்கட்டும். மணல் அடியில் படியும், அவ்வப்போது அள்ளிவிடலாம். அங்கிருந்து 75 எம்எம் பிவிசி, 10 அடிக்கு 2 இன்ச் வாட்டம்.

செப்டிக் டேங்கில் சேர்க்க வேண்டாம். மொத்தமாகப் பாயும் தண்ணீர், படியாத கசடையும் வெளியே தள்ளிவிடும். மழைநீர் சேகரிப்புக் குழியிலும் விடக் கூடாது, சோப்பு நேரே நிலத்தடி நீருக்குப் போகும். தனி உறிஞ்சுகுழிதான் வழி. மணல் பூமியில் வெறும் குழி சரிந்துவிடும். துளை போட்ட சிமெண்ட் உறை இறக்கி, உள்ளே ஒன்றரை ஜல்லி நிரப்புங்கள். போரிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி.

கிழக்குக்கரை:
நன்றி சார். இரண்டு சந்தேகம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே 4 அடியிலேயே ஊற்று வந்துவிடும், குழி தாங்குமா? சின்ன பிரஷர் பம்ப் வைத்தால் ரெயின் ஷவர் போடலாமா?

தென்னந்தோப்பு:
4 அடியில் ஊற்று என்றால் ஆழக் குழி அந்த மாதங்களில் கிணறாகிவிடும், தண்ணீர் எதிர்த்து வரும். ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள்: 4 அடி விட்டத்தில் 1 அடி உறை இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். இன்னும் நல்லது, தென்னை இருந்தால் தண்டிலிருந்து 4 அடி தள்ளி வட்டமாக ஓர் அடி வாய்க்கால் எடுத்து, ஜல்லியும் மட்டையும் போட்டு அதில் விடுவது. உடம்பில் ஒட்டி வரும் உப்பைத் தென்னை பொருட்படுத்தாது, வாழை தாங்காது. ஓரத்தில் கல்வாழை (பூச்செடிதான், வாழை இல்லை) வைக்கலாம். அங்கே துணி துவைக்க மட்டும் விடாதீர்கள்.

குழாய்க்கணக்கு:
பம்ப் வைக்கலாம். டேங்குக்குப் பக்கத்தில் மூடி போட்டு வையுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்), எர்த் இரண்டும் இல்லாமல் வேண்டவே வேண்டாம், நனைந்த உடம்போடு நிற்கும் இடம். ஃப்ளோ சுவிட்ச் வகை என்றால் தண்ணீர் ஓரளவு தானாக ஓடினால்தான் பம்ப் ஓடத் தொடங்கும். ஆகவே 1 இன்ச் லைன் அப்போதும் தேவை. கரண்ட் போனால் குளிக்க, பம்பைச் சுற்றி என்ஆர்வி (தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் வால்வு) வைத்த பைபாஸ் விடுங்கள்.

ஷவர் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கிலேயே வாங்குங்கள். கடலோரத்தில் ‘எஸ்எஸ்’ (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று விற்கும் 202 ரகம் சீக்கிரம் துருவேறும், 304-ம் பழுப்புக் கறை பிடிக்கும். கிளாம்ப், திருகுகளுக்கு 316 ரகம் கேளுங்கள். துளைகள் ரப்பர் முனையாக இருந்தால் உப்புப் படிவை விரலால் தேய்த்தே எடுக்கலாம். கெட்டியாகிவிட்டால் லெமன் சால்ட் கரைத்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள்.

ஒன்றரை அடி உயரத்தில் கால் கழுவ ஒரு குழாய், ஷவர் வால்வுக்கு முன்னாலேயே வரட்டும். சித்திரை வெயிலில் மாடிக் குழாயில் நிற்கும் தண்ணீர் சுடும். குழந்தைகள் நிற்பதற்கு முன் இந்தக் கால் கழுவும் குழாயைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு ஷவரைத் திறக்கலாம்.