ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மாத்திரை) தொடங்கிய பிறகு கழுத்து நெறிக்கட்டி பெரிதாகிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்

என் தாய்மாமாவுக்கு 44 வயது, ஊர் தேனிப் பக்கம். மூன்று மாதக் காய்ச்சலில் எடை 58 கிலோவிலிருந்து 46 ஆனது. வாயெல்லாம் வெள்ளை படிந்து கஞ்சிகூட இறங்கவில்லை. பரிசோதனையில் எச்.ஐ.வி., சி.டி.4 (எதிர்ப்பு சக்தி அணுக்களின் எண்ணிக்கை) வெறும் 62. கழுத்து நெறிக்கட்டியில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் டி.பி.

முதலில் டி.பி. மாத்திரை, இரண்டு வாரம் கழித்து டி.எல்.டி. (டோலுடெக்ராவிர் உட்பட மூன்று எச்.ஐ.வி. மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை). டி.பி. மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும் என்பதால் இரவில் டோலுடெக்ராவிர் தனியாக ஒன்று. வேறு தொற்று வராமலிருக்க கோட்ரைமாக்சசோலும் உண்டு. வாய் ஃப்ளூகோனசோலில் சரியாகிவிட்டது, இட்லி சாப்பிட ஆரம்பித்தார். அப்பாடா என்றிருந்தோம்.

டி.எல்.டி. தொடங்கிய மூன்றாவது வாரம் மறுபடி காய்ச்சல், மாலையில் 102. நெல்லிக்காய் அளவு இருந்த கட்டி எலுமிச்சை அளவாகி, தோல் சிவந்து வலிக்கிறது. தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் இல்லை. ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை, டப்பாவை நானே எண்ணுகிறேன்.

பாராசிட்டமால் கொடுத்தால் நான்கு மணி நேரம் தாங்குகிறது. பக்கத்து கிளினிக்கில் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக், பலனில்லை. அங்கேயே "எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்திப் பாருங்கள்" என்றார்கள். நிறுத்தவில்லை. ஏ.ஆர்.டி. மையத்தில் போனில் கேட்டதற்கு, எதிர்ப்பு சக்தி திரும்பும்போது உள்ளே இருக்கும் கிருமியோடு மோதுவதால் இப்படி வரலாம், எதையும் நிறுத்தாமல் நேரில் வாருங்கள் என்றார்கள். நாளை காலை போகிறோம்.

இதே மாதிரி கட்டி வீங்கியவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்களா, சீழ் எடுத்தார்களா, அல்லது தானாகவே வடிந்ததா?