தேர்தல் நோட்டீஸ்ல பிரஸ் பேர் போடலன்னா என்ன ஆகும்?

கேள்வி:
ராயப்பேட்டையில சின்ன ஆஃப்செட் பிரஸ் வெச்சிருக்கேன். வேட்பாளரோட மச்சான் வந்து 5,000 நோட்டீஸ் கேக்குறார். ரொக்கத்தை நீட்டிட்டு, "பிரஸ் பேர், பில் ரெண்டும் வேணாம்ணே"ங்கிறார். அடிக்கலாமா?

பதில் 1:
தொடாதீங்கண்ணே. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ: அச்சடிக்கிறவர், வெளியிடுறவர் பேரும் முகவரியும் தாள்லயே இருக்கணும். வெளியிடுறவர் தான் யாருன்னு சொல்லி கையெழுத்து போட்ட உறுதிமொழி 2 பிரதி வாங்குங்க. அவரை நேர்ல தெரிஞ்ச 2 பேர் சாட்சி போடணும். மீறினா 6 மாசம் வரை ஜெயில், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டுமே. அபராதம் டீ செலவு மாதிரி. ஜெயில் அப்படியில்ல.

பதில் 2:
அடிச்சதும் உறுதிமொழி ஒண்ணு, நோட்டீஸ் ஒண்ணு தலைமைத் தேர்தல் அதிகாரிக்குப் போகணும். சென்னை தலைநகரம்ங்கிறதால அப்படி; வெளியூர்னா கலெக்டருக்கு. வேட்பாளரோட எழுத்துபூர்வ அனுமதி இல்லாம மச்சான் செலவு பண்றதே குற்றம். பில் ஏன் வேணாம்ங்கிறார்? சட்டமன்றத் தேர்தல்னா வேட்பாளர் செலவுக்கு 40 லட்சம் ரூபாய் உச்சவரம்பு, உங்க பில்லும் அந்தக் கணக்குல ஏறும்ல!

கேட்டவர்:
மச்சானுக்கு போன் போட்டுச் சொன்னேன். "வேற பிரஸ் பாத்துக்கிறேன்"னு வெச்சுட்டார். பாக்கட்டும்.