ஐந்து நிமிட வேலைக்குப் பூட்டு எதற்காம்?

கிரீஸ்கை:
ஷிஃப்ட்ராஜா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கன்வேயர் பெல்ட்டில் ஏதாவது சிக்கினால் அவசர நிறுத்தத்துக்கான சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை விடலாமாம், ஐந்து நிமிட வேலைக்குப் பூட்டும் பெர்மிட்டும் வெட்டி வேலையாம், பராமரிப்பில் அடிபடுகிறவர்கள் அந்தப் பொத்தானைக்கூட அழுத்தாத அசட்டைப் பேர்வழிகளாம். ராஜா அவர்களே, பெரும்பாலான இயந்திரங்களில் அந்தப் பொத்தான் வெட்டுவது மோட்டாருக்குக் கட்டளை தரும் கன்ட்ரோல் சர்க்யூட்டை மட்டும்தான். கான்டாக்டர், அதாவது மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச், விழுந்து திறந்தால் மோட்டார் நிற்கும், சரி. ஆனால் கான்டாக்டர் வாசல்வரை மின்சாரம் வந்து காத்துக்கொண்டுதான் இருக்கும். ஐசோலேட்டரை, அதாவது மின்சாரத்தையே துண்டிக்கும் மெயின் சுவிட்சை, இறக்கி அதில் உங்கள் பூட்டைப் போட்டு, ஸ்டார்ட்டை ஒருமுறை அழுத்தி ஓடவில்லை என்று பார்த்த பிறகுதான் கை உள்ளே போகணும்.

ஷிஃப்ட்ராஜா:
ஒரே ஒரு கேள்வி. அழுத்திய பொத்தான் தானாக வெளியே வருமா? வராது. முறுக்கினால்தான் விடும். விட்டாலும் மோட்டார் ஓடாது, ரீசெட் செய்து தனியாக ஸ்டார்ட் கொடுக்கணும். 22 வருடமாக இப்படித்தான் எடுக்கிறேன், பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

கிரீஸ்கை:
முறுக்கினால்தான் விடும், யார் இல்லை என்றது? முறுக்குவது யார் என்பதுதான் பேச்சு. நீங்கள் பெல்ட்டின் கடைசி உருளையான டெயில் புல்லிக்குக் கீழே குனிந்திருப்பீர்கள், ஷிஃப்ட் மாறி வந்த ஆபரேட்டர் "யாரடா இதை அழுத்தி வைத்தது" என்று முறுக்கிவிட்டு ஸ்டார்ட் கொடுப்பார், அவர்மேல் தப்பும் இல்லை. பூட்டு போட்டிருந்தால் சாவி உங்கள் பையில் இருக்கும்.

பேனல்போர்டு:
இரண்டு பேரும் மோட்டாரையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். பூட்டுப் போட்டால் மட்டும் முடிந்ததா? வேகத்தை மாற்றும் டிரைவ் போட்ட மோட்டார் என்றால் ஐசோலேட்டரை இறக்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டர் சில நிமிடம் சார்ஜோடு இருக்கும். ஹைட்ராலிக் என்றால் எண்ணெய் அழுத்தத்தைச் சேர்த்து வைத்திருக்கும் அக்குமுலேட்டர், தூக்கி நிற்கிற ராம், ஸ்பிரிங். இதைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினீர்களா?

ஷிஃப்ட்ராஜா:
கன்வேயரில் எங்கேயப்பா அக்குமுலேட்டர்? புத்தகத்தை மூடிவிட்டு ஷாப் ஃப்ளோருக்கு வாருங்கள்.

கிரீஸ்கை:
அக்குமுலேட்டர் இல்லை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டேக்-அப் எடை தொங்குகிறதே, அது கண்ணில் படவில்லையா? சாய்வு பெல்ட் லோடோடு நின்றால், பின்னோட்டத்தைத் தடுக்கிற பேக்ஸ்டாப் தேய்ந்திருக்கும்போது பின்னால் உருளும். சிக்கின கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுத்த நொடியில், முறுக்கேறி நின்ற பெல்ட் மோட்டார் இல்லாமலே ஒரு இழுப்பு இழுக்கும். என்னோடு இருந்த ஹெல்பர் ஒருவருக்கு முழங்கை அப்படித்தான் போனது. பொத்தான் அழுத்தித்தான் இருந்தது, எவரும் முறுக்கவில்லை.

ஷிஃப்ட்ராஜா:
அப்படியென்றால் பூட்டுப் போட்டிருந்தாலும் போயிருக்குமே! நீங்களே என் பக்கம் பேசுகிறீர்கள், நன்றி. நீங்கள் தூக்கிப் பிடிக்கிற அமெரிக்க லாக்கவுட் விதி, அதாவது பூட்டுப் போடும் விதி, 1989-இல் வந்தது, அதிலேயே உற்பத்தி நடக்கும்போது செய்கிற சின்ன வேலைகளுக்கு விலக்கு இருக்கிறது. அதைச் சொல்ல மாட்டீர்கள்.

கிரீஸ்கை:
விலக்கைப் படித்தவர் அடுத்த வரியையும் படித்திருக்கலாம். அந்த வேலை வழக்கமாகத் திரும்பத் திரும்ப வருவதாக இருக்கணும், பூட்டுக்குப் பதிலாக அதே அளவு காப்பாற்றுகிற வேறு ஏற்பாடும் இருக்கணும். சிவப்புப் பொத்தான் அந்த ஏற்பாடு ஆகாது. அதே 1989 அக்டோபரில் டெக்சாஸ் பாசடீனாவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் செய்யும் ரியாக்டரில் அடைப்பு எடுத்தார்கள். வால்வை இயக்கும் காற்றுக் குழாய்கள் இடம் மாறி மாட்டியிருந்ததால் சுவிட்ச் 'மூடு' என்று இருக்கும்போதே வால்வு திறந்துகொண்டது. வாயு வெளியேறி வெடித்து 23 பேர் போனார்கள். சுவிட்ச் சொல்வதை நம்பிக் கை வைப்பவர்களுக்கு இதைவிட என்ன சொல்ல? அதற்கு முந்தைய வருடம் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் சேஃப்டி வால்வைக் கழற்றி வைத்திருந்த பம்பை, அது தெரியாமல் இரவு ஷிஃப்ட்டில் ஓட்டினார்கள், 167 பேர்.

ஷிஃப்ட்ராஜா:
நாம் பேசுவது பெல்ட். இவர் கடல் நடுவில் எண்ணெய் மேடைக்குப் போய்விட்டார். அங்கே முறுக்குகிற பொத்தானா இருந்தது?

மூன்றாம்ஷிஃப்ட்:
பூட்டெடுக்க ஸ்டோருக்குப் போனால் "லைன் நிற்கிறது, எங்கே போனாய்" என்று வாக்கிடாக்கியில் கத்துவதே உங்களைப் போன்ற சூப்பர்வைசர்கள்தான். அதையும் எழுதுங்கள்.

ஷிஃப்ட்ராஜா:
நான் சூப்பர்வைசர் என்று உங்களிடம் யார் சொன்னது?

மூன்றாம்ஷிஃப்ட்:
பெயரிலேயே ராஜா இருக்கிறதே.

பேனல்போர்டு:
கெப்பாசிட்டர் பற்றி நான் எழுதியதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஷிஃப்ட்ராஜா:
கிரீஸ்கை, போன மாதம் டிரில்லிங் மெஷினில் கையுறை போடலாமா என்ற சண்டையில் தோற்ற கோபத்தை இங்கே காட்டாதீர்கள்.

கிரீஸ்கை:
தோற்றேனா? சுற்றுகிற டிரில்லில் கையுறை சிக்கினால் கையையும் சேர்த்துச் சுற்றும் என்று சொன்னது நான். போடலாம் என்றது நீங்கள். அந்த இழையைத் தோண்டி எடுத்து ஒட்டட்டுமா?

ஷிஃப்ட்ராஜா:
ஒட்டுங்கள், ஒட்டுங்கள். அதற்கு முன்னால் என் கேள்விக்குப் பதில். அழுத்திய பொத்தான் தானாக வெளியே வருமா, வராதா?

பேனல்போர்டு:
கெப்பாசிட்டர்?

கிரீஸ்கை:
இருங்கள், அந்தக் கையுறை இழையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.