மாட்ரிட் ரெய்னா சோஃபியா: ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது, போகலாமா?

பயணப்பை கேட்டது:
அடுத்த மாதம் வேலை விஷயமாக மாட்ரிட் போகிறேன். நாலு நாளும் மீட்டிங், வியாழக்கிழமை மட்டும் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். ஓட்டல் அதோச்சா ஸ்டேஷன் பக்கத்தில், அங்கிருந்து ரெய்னா சோஃபியா நடக்கிற தூரம்தான். ஏழு மணிக்கு மேல் இலவசமாமே? இரண்டு மணி நேரத்தில் அவ்வளவு பெரிய மியூசியத்தில் என்ன பார்க்க முடியும்? கோயில் சிற்பம் என்றால் நாள் முழுக்க நின்று பார்ப்பேன், நவீன ஓவியம் முன்னால் நின்றால் என்ன செய்வதென்றே தெரியாது. பேசாமல் பழைய ஓவியங்கள் இருக்கிற பிராடோ மியூசியத்துக்கே போய்விடலாமா என்றும் யோசனை. போனவர்கள் சொல்லுங்கள்.

மழைக்காகம்:
பிராடோ மாலை ஆறிலிருந்து எட்டு வரை இலவசம், ஆனால் அந்த நேரத்துக்கு வரிசை நீளமாக நிற்கும். ரெய்னா சோஃபியாவுக்கே போங்கள். எல்லாவற்றையும் பார்க்க மட்டும் நினைக்காதீர்கள். அது 1965 வரை ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடம், தாழ்வாரம் தாழ்வாரமாகப் போய்க்கொண்டே இருக்கும், வழி தவறிவிடும். கண்ணாடி லிஃப்டில் ஏறி நேராக இரண்டாவது மாடி, பிக்காசோ வரைந்த குவெர்னிகா ஓவியம் இருக்கும் அறை, அதைச் சுற்றி உள்ள அறைகள், அவ்வளவு போதும்.

அந்த ஓவியம் உயரம் 3.49 மீட்டர், அகலம் 7.77 மீட்டர். அளவைப் படித்துவிட்டுத்தான் போனேன், ஆனாலும் உள்ளே நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. புத்தகத்தில் பார்த்தபோது செலவைக் குறைக்கக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்திருக்கிறார்கள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன், ஓவியமே கறுப்பு, வெள்ளை, சாம்பல்தான். 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசை எதிர்த்த தளபதி ஃபிராங்கோவுக்கு உதவ வந்த ஜெர்மன், இத்தாலி விமானங்கள் பாஸ்க் பகுதியில் குவெர்னிகா என்ற ஊர் மேல் குண்டு போட்டன, பிக்காசோ பாரிஸில் உட்கார்ந்து அதைப் பத்திரிகையில் படித்தார். நடுவில் இருக்கிற குதிரையின் உடம்பைப் பாருங்கள், சின்னச் சின்னக் கோடுகள் வரிவரியாக, பத்திரிகை எழுத்து மாதிரியே இருக்கும். இடது ஓரத்தில் இறந்த பிள்ளையைக் கையில் போட்டுக்கொண்டு மேலே பார்த்து அலறுகிற தாய், அவள் நாக்கு ஊசி மாதிரிக் கூராக இருக்கிறது. புரியாது என்கிறீர்களே, அந்தத் தாயிடம் நமக்குப் புரியாதது என்ன இருக்கிறது?

தூரிகை:
மேலே சொன்னதோடு ஒன்று. ஓவியத்தைப் பார்த்ததும் வெளியே வந்துவிடாதீர்கள், பிக்காசோவின் தோழியான புகைப்படக் கலைஞர் டோரா மார் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். பிக்காசோ வரைய வரைய அவர் கட்டம் கட்டமாகப் படம் எடுத்திருக்கிறார். ஆரம்பத்தில் நடுவே முஷ்டி மடக்கிய ஒரு கை மேலே உயர்ந்து நிற்கிறது, பிறகு அதன் பின்னால் சூரியன் வருகிறது, அப்புறம் இரண்டுமே காணோம். நம்பிக்கை தருகிற அந்தக் கையை அவரே அழித்திருக்கிறார் என்று பார்த்தபோது எனக்கு ரொம்ப நேரம் பேச்சு வரவில்லை. சிற்பம் பார்த்துப் பழகியவர் நீங்கள், ஒரு வேலை கை வழியாக எப்படி மாறி மாறி உருவாகிறது என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகவே பிடிபடும்.

1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் குடியரசு அரசின் அரங்குக்காக வரைந்தது இது. ஸ்பெயினுக்கு வந்ததே 1981-இல்தான், இந்தக் கட்டடத்துக்கு 1992-இல். ஸ்பெயினில் மக்களாட்சி திரும்பாமல் ஓவியம் அங்கே போகக்கூடாது என்று பிக்காசோ சொல்லிவிட்டதால் அதுவரை நியூயார்க்கில் இருந்தது. அவர் 1973-இல் இறந்தார், போரில் வென்று சர்வாதிகாரியாக ஆண்ட ஃபிராங்கோ 1975-இல்.

கடைசிபெஞ்சு:
குவெர்னிகா மட்டும் பார்த்தால் போதும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆங்கெலெஸ் சாந்தோஸ் என்ற பெண் 1929-இல் வரைந்த 'ஒரு உலகம்' அங்கே இருக்கிறது. வரைந்தபோது பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை. கிட்டத்தட்ட மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் துணியில் பூமியைக் கனசதுரமாகப் போட்டிருக்கிறாள், உருவங்கள் சூரியனிடம் நெருப்பு எடுத்துப் போய் நட்சத்திரங்களை ஏற்றுகின்றன. நம் வீட்டில் ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றுவோமே, அதே மாதிரி. தயவுசெய்து அதற்குப் பத்து நிமிடம் வையுங்கள்.

பயணப்பை:
எல்லோருக்கும் நன்றி, வியாழக்கிழமை ரெய்னா சோஃபியாதான். ஃபோட்டோ எடுக்க விடுவார்களா? அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

மழைக்காகம்:
குவெர்னிகா அறையில் முன்பு விடமாட்டார்கள், 2023 செப்டம்பரிலிருந்து எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. அதனாலேயே முன்வரிசை முழுக்கக் கையும் ஃபோனுமாக இருக்கும். வலது பக்கமாகச் சுவரை ஒட்டி நின்றால் கொஞ்ச நேரத்தில் இடம் கிடைக்கும். முதல் பத்து நிமிடம் சும்மா பாருங்கள், அப்புறம் அம்மாவுக்கு அந்தத் தாயைத் தனியாக ஒரு படம் எடுங்கள். பயணத் தேதி மாறினாலும் செவ்வாய்க்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று விடுமுறை.